இரண்டு இடத்துக்கு அனுப்பிய கதை

2010ஆம் ஆண்டு என் முதல் சிறுகதையை ஓர் இணைய இதழுக்கு அனுப்பினேன். ஆர்.கே.பேட்டையில் எங்கள் தெரு முழுவதும் விசைத்தறியின் ஓசை. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். 1960இல் திருத்தணிப் பகுதி நம் மாநிலத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடு நிலத்தில் விழுந்ததே தவிர எங்கள் நாவில் விழவில்லை. பழைய பாவின் நுனியோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைக்கும் ஒரு பெண்மணியைப் பற்றிய கதை அது.

1999இல் 'திண்ணை', 2000இல் கனடாவிலிருந்து 'பதிவுகள்', 2009இல் 'சொல்வனம்' என இணைய இதழ்கள் வந்தபின், என்னைப் போன்ற சிற்றூர்க்காரனுக்குத் தபால்தலை ஒட்டிய உறை வைத்துக் காத்திருக்கும் வேலை இல்லாமற் போயிற்று. காத்திருக்கும் பொறுமையும் கூடவே போய்விட்டது போலும். ஒரு மாதம் பதில் இல்லை. அதே கதையை வேறோர் இதழுக்கும் அனுப்பினேன். பத்தே நாளில், என் ஒற்றுப்பிழைகள்கூடத் திருத்தப்படாமல், வெளிவந்தது. மகிழ்ந்தேன்.

அந்த வாரமே முதல் இதழின் ஆசிரியரிடமிருந்து நீண்ட மடல் வந்தது. கதையை மூன்று முறை படித்திருந்தார். தெலுங்குப் பேச்சு எங்கெங்கே ஏட்டுத் தமிழாகிவிட்டது என்று வரிவரியாகக் குறித்திருந்தார். பாவு பிணைப்பவள் நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் கதை முடிந்துவிட்டது, கடைசிப் பத்தி எதற்கு என்று கேட்டிருந்தார். ஊதியமின்றி, அலுவலகம் முடிந்த இரவுகளில் செய்த வேலை அது. கதை ஏற்கெனவே வெளியாகிவிட்டது என்று நான் எழுத வேண்டியிருந்தது. 'வாழ்த்துகள்' என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வந்தது. கடிந்திருந்தால் தேவலை.

சொந்தப் படைப்பு என்றால் பிறர் எழுதியதைத் திருடாதது என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். வேறெங்கும் வெளிவராததாகவும் இருக்க வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது. நம் வலைப்பூவில் இட்டதும் வெளிவந்ததுதான். படைப்பு கிடைத்தது என்று ஒரு வரிகூட எழுதாத இதழ்களுக்கும் இதில் பங்குண்டு என்பேன். ஆனால் அது என் பிழையைக் குறைத்துவிடாது.

அவர் குறித்தபடி கதையைத் திருத்தினேன். முன்னதைவிட நன்றாகவே வந்தது. அனுப்பத்தான் இடமில்லை. இன்னும் என் கணினியில் கிடக்கிறது.

இந்தப் பருவத்தில் மாணவி ஒருத்தி கதையோடு வந்தாள். மூன்று இதழ்களுக்கும் ஒன்றாக அனுப்பிவிடட்டுமா என்றாள். ஒன்றுக்கு அனுப்பம்மா, இரண்டு மாதம் பார், பதில் வராவிட்டால் திரும்பப் பெறுவதாக மடல் எழுதிவிட்டு அடுத்ததற்கு அனுப்பு என்றேன்.

"இரண்டு மாதமா ஐயா?" என்றாள்.