தலையிழந்த பாரசீக மன்னன்

சீனத்தின் சீயான் நகரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றர் சென்றால் சியன்லிங் என்னும் அரச சமாதியை அடையலாம். தாங் வமிசத்துக் காவோசொங் சக்கரவர்த்தியும் அவர் தேவி வூ சேத்தியனும் அங்கே துயில்கின்றனர். அதன் முன்றிலில் 61 கற்சிலைகள், கைகளை மார்போடு சேர்த்து அணிவகுத்து நிற்கின்றன. அவை பிறநாட்டு மன்னரும் தூதருமாம். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தலையில்லை! அவர்களுள் ஒருவன் பாரசீக இளவரசன் பேரோஸ் என்பது முதுகிற் பொறித்த பெயரால் அறியப்பட்டது.

651ஆம் ஆண்டில் தந்தை யஸ்தகர்த் கொல்லப்பட்டபின் பேரோஸ் கிழக்கே தஞ்சம் நாடினான். 661இல் சக்கரவர்த்தி அவனைப் 'பாரசீக ஆளுநர்' ஆக்கினார். அராபியர் முன்னேறவே அப்பதவி பெயரளவில் நின்றது. 679இல் அவன் மகன் நர்சேயை அரியணையேற்றப் புறப்பட்ட சீனப்படையோ, இன்றைய கிர்கிஸ்தானிலுள்ள சூயாப் நகரோடு திரும்பிவிட்டது.

அப்படை மேலும் சென்றிருந்தால் ஈரானியர் சீனராகியிருப்பரோ? மாணவர்கள் விரும்பிக் கேட்கக்கூடிய வினா இது. கற்பனையை நாடுமுன் சீயான் நூதனசாலைக்குச் செல்வது நன்று. 2003இல் அகழ்ந்தெடுத்த கற்பேழை ஒன்று அங்கே உளது. 579இல் மறைந்த சோக்தியத் தலைவன் விர்காக்குக்கும், ஒரு திங்களுள் அவனைத் தொடர்ந்த மனைவிக்கும் மைந்தர் மூவர் அமைத்தது. பேழை சீன இல்லத்தின் வடிவில் உளது. ஆயின், பறவையுடல் கொண்ட புரோகிதர் வாயை மூடியபடி அக்கினியை ஓம்புகின்றனர். தம்பதியர் மறுமைப் பாலத்தைக் கடக்கின்றனர். சோக்திய மொழியில் அவன் விர்காக். அருகிலுள்ள சீன எழுத்திலோ 'ஷீ' குலத்தவன். கிஷ் நகரத்தாருக்குச் சீனர் இட்ட பெயர் அது. புகாராவினர் 'அன்', சமர்க்கந்தினர் 'காங்'. ஒரு நகரம் முழுவதும் ஓரெழுத்தில் அடங்கிவிட்டது!

இரு மொழியும் அருகருகே நின்ற காலம் நெடிதன்று. சோக்தியத் தந்தைக்குப் பிறந்த அன் லூஷான் 755இல் அரசுக்கெதிராகக் கிளர்ந்தபின், 'அன்' என்ற பெயரே பழிக்குரியதாயிற்று. அரசுக்கு விசுவாசமாயிருந்த தளபதி ஒருவர், அப்பெயரைத் தாங்க நாணி, அரச குலத்தின் 'லீ' என்ற பெயரை வேண்டிப் பெற்றார். படையெடுப்பால் ஆகாததைப் பெயர்மாற்றம் செய்தது என்றே நமக்குத் தோன்றுகின்றது.

சோக்திய மொழியின் நெருங்கிய உறவாகிய மொழி இன்று தஜிகிஸ்தானின் யக்னோப் பள்ளத்தாக்கினரிடம் வாழ்கின்றது. 1970ஆம் ஆண்டளவில் சோவியத் அரசு அவர்களைச் சமவெளிப் பருத்தி வயல்களுக்கு வலிந்து குடிபெயர்த்தது. பின்னர்ச் சில குடும்பங்கள் மீண்டும் மலையேறின.