நடுத்தரக் கமராவும் நமது குளமும்

புகைப்படக் கருவியின் தகுதியை விலைகொண்டு அளப்போர் பலர். இரணைமடுக் குளக்கரையில் வைத்து அளப்பதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. 2017-இல் வெளிவந்த நிக்கோன் டி 7500 நடுத்தர வகையைச் சார்ந்தது. ஒளியை வாங்கும் அதன் சென்சார், பழைய 35 மில்லிமீற்றர் பிலிமினும் சிறியது. ஆதலால் 300 மில்லிமீற்றர் வில்லையும் அதில் 450 மில்லிமீற்றர் வில்லைபோலவே தொலைவிலுள்ள நாரையை அண்மையிற் காட்டுகிறது. விநாடிக்கு 8 படங்கள் எடுக்கும் வேகமோ, அது சிறகு விரிக்கும் கணத்தையும் பிடித்துத் தருகிறது.

குறைகளும் உள. அந்தி மங்கியபின் எடுக்கும் படங்களில், பெரிய சென்சார் தரும் படங்களைவிடப் புள்ளிகள் மிகும். மேலும், முந்திய டி 7200 நினைவட்டைகள் 2 ஏற்றது. இதுவோ ஒன்றையே ஏற்கும். அவ்வட்டை பழுதுற்றால் அன்றைய உழைப்பு முழுவதும் வீணாகும்.

இதனைச் சிறு குறையென்று நாம் தள்ளிவிட முடியுமா? 2009 வரை நீடித்த போரின் இடப்பெயர்வுகளில், திருமணப் படத்தையும் குழந்தைப் படத்தையும் இழந்த வீடுகள் வன்னியில் எத்தனை! ஆகவே, மாணவர்களே, இக்கருவி கைக்கு வந்தால் தயங்காது ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால், வீடு திரும்பியதும் படங்களை வேறு 2 இடங்களிற் பதிந்து வையுங்கள். சிறந்தவற்றைத் தாளில் அச்சிட்டு உறவினர் வீட்டிலும் ஒரு படி கொடுத்து வையுங்கள்.