மலைக்கு ஒரு ஜீப்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவது எளிது. அறிந்து வாங்குவதே அரிது. அதிலும் பிறர் ஓட்டிக் கழித்த வண்டியைக் கையிலுள்ள சிறுதொகைக்குள் அடக்கி, மலைப்பாதையில் உயிரை நம்பி ஏறத்தக்கதாகத் தேர்ந்தெடுப்பது தேர்வு எழுதுவதற்கு ஒப்பாகும். அத்தேர்வினை உடன்பிறந்தார் மூவரும் சேர்ந்து 2004-ஆம் ஆண்டில் எழுதினோம். அதில் பெற்ற மதிப்பெண்ணையும் இழந்த மதிப்பெண்ணையும் ஒளிக்காமல் இங்கே கூற முற்படுகிறோம்.

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலைச்சரிவில் எங்கள் குடும்பத்திற்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் உண்டு. நிழல் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். தார்ச்சாலை முடிந்த பின்னும் நான்கு கிலோமீட்டர் மண்ணும் பாறையுமான பாதையில் செல்லவேண்டும். விளைச்சல் சுமைக்குதிரையில் இறங்கும். மனிதர் கால்நடையாய் இறங்குவர். 2003-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எம் தந்தையார் அப்பாதையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். இரண்டு மூங்கிற்கழிகளில் கம்பளியைக் கட்டி டோலியாக்கி, அவரைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவர மூன்று மணிநேரம் ஆயிற்று. வழியெல்லாம் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மௌனமே எங்களை ஜீப் வாங்க வைத்தது எனலாம்.

கையிலிருந்த பொருள் எவ்வளவு? அண்ணனின் சீட்டுப்பணம், தம்பியின் சேமிப்பு, அம்மாவின் இரண்டு வளையல்கள், அவ்வாண்டுக் காப்பி விற்ற தொகை யாவும் சேர்த்து 1,00,000 ரூபாய். புதுவண்டி என்பது கனவிலும் கைக்கெட்டாத ஒன்று. போடியில் பட்டறை வைத்திருந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். அவர் எங்கள் கணக்கைக் கேட்டுவிட்டு, "தம்பி, வண்டிக்கு ஒரு விலை, அதை வண்டியாக்க ஒரு விலை. காற்பங்குப் பணத்தை வேறு பையில் முடிந்து வையுங்கள். மீதிதான் உங்கள் பணம்" என்றார். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்ற பழமொழியை அதற்குமுன் பலமுறை சொல்லியிருக்கிறோம். பொருளை அன்றுதான் உணர்ந்தோம்.

ஜீப் என்னும் இவ்வண்டியின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்கென 1941-இல் வில்லிஸ் நிறுவனம் பெருமளவில் செய்யத் தொடங்கிய வடிவமே நம் நாட்டு ஜீப்புகளின் மூலம். மகிந்திரா நிறுவனம் 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கியது. 1945-இல் அது நிறுவப்பட்டபோது அதன் பெயர் மகிந்திரா அண்ட் முகமது என்பதாகும். மகிந்திரா உடன்பிறந்தாருடன் பங்காளியாயிருந்த மாலிக் குலாம் முகமது, நாட்டுப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். பின்னர் அதன் தலைமை ஆளுநருமானார். நிறுவனத்தின் பெயர் 1948-இல் மாறியது. ஆனால் போர்க்களத்திற்கென வகுத்த அச்சும் சட்டமும் பல்லாண்டுகள் பெரிதும் மாறாமல் நம் மலைத்தோட்டங்களில் உழைத்தன.

முதலில் பார்த்தது பழைய பெட்ரோல் ஜீப். உயர்ந்த முகப்பும் செந்நிற வண்ணமுமாய்த் திருமண மாப்பிள்ளை போல் நின்றது. தம்பிக்கு அதைவிட்டு வர மனமில்லை. ஆயினும் அது குடிக்கும் பெட்ரோலுக்குக் காப்பித் தோட்டத்தையே எழுதிக் கொடுக்கவேண்டும் என்று மெக்கானிக் சொன்னதும் நகர்ந்தோம்.

இரண்டாவது வண்டியைத் தரகர் ஒருவர் காட்டினார். புத்தம்புதிய வண்ணம், விலை 70,000. மெக்கானிக் துணியில் சுற்றிய சிறு காந்தத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். கதவோரத்திலும் தரைத்தகட்டிலும் வைத்துப் பார்த்தார். பல இடங்களில் காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. துருப்பிடித்துத் தின்ற இடத்தில் பட்டி பூசி வண்ணம் அடித்திருந்தார்கள் என்பது அப்போது விளங்கிற்று. அடுத்து அவர் தரையில் படுத்து வண்டிக்கடியில் நோக்கினார். "நான்கு சக்கர இழுவை உண்டென்றீர்களே, முன் அச்சுக்குச் சுழல்தண்டு எங்கே?" என்று கேட்டார். நெம்புகோல் உள்ளே இருந்தது. எஞ்சினின் விசையை முன்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டு கழற்றப்பட்டிருந்தது. எரிபொருளை மிச்சப்படுத்தவும், பழுதுச்செலவைத் தவிர்க்கவும் சிலர் அவ்வாறு செய்வதுண்டு. தரகர் சிரித்துக்கொண்டே, "இந்தக் காலத்தில் அதெல்லாம் யார் போடுகிறார்கள்?" என்றார். நாங்களும் சிரித்துவிட்டு விடைபெற்றோம்.

மூன்றாவது வண்டி கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூரில் இருந்தது. தோட்டக் கண்காணியாயிருந்து காலமான ஒருவருக்குச் சொந்தமானது. பள்ளியாசிரியரான அவர் மகன் விற்க முன்வந்தார். 1990-ஆம் ஆண்டு மகிந்திரா எம்.எம். 540. டீசல் எஞ்சின். பச்சை வண்ணம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. மேற்கூரைத் தார்ப்பாய் கிழிந்திருந்தது. பார்த்தவுடன் மூவர் முகமும் வாடின. மெக்கானிக்கின் முகம் மட்டும் மலர்ந்தது.

அவர் முதலில் எஞ்சினின்மேல் கைவைத்துப் பார்த்தார். முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் கிளப்புவதிலுள்ள குறை மறைந்துவிடும் என்றார். குளிர்ந்திருந்த எஞ்சின் சிறிது முனகிப் பின் எழுந்தது. புகையின் நிறத்தைக் கவனிக்கச் சொன்னார். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை டீசல் மிகுவதையோ காற்று குறைவதையோ காட்டும். வெண்புகை சூடான பின்னும் நிற்காவிடில் நீர் உள்ளே கசிகிறதா என ஐயுறவேண்டும். இங்கே முதலில் எழுந்த வெண்புகை சிறிது நேரத்தில் அடங்கிற்று. பின் சட்டத்தில் விரிசல் உண்டா, வில்பட்டைகளில் முறிந்தது எது, திருப்புவளையத்தில் எத்துணைத் தளர்ச்சி என ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தார். வில்பட்டையில் ஒன்று முறிந்திருந்தது. சட்டம் பழுதின்றி இருந்தது.

நாங்கள் கேளாமலே ஆசிரியர் கூறினார்: "இரண்டாம் கியர் சில நேரம் தானாக வழுக்கி வெளியே வந்துவிடும். முன் அச்சிலும் ஓசை கேட்கிறது. அப்பா போனபின் இரண்டு ஆண்டாக யாரும் கவனிக்கவில்லை. சொல்லாமல் விற்க மனம் வரவில்லை."

அவர் கேட்ட விலை 78,000. நாங்கள் செய்தது என்ன? அவர் வாயாற் சொன்ன இரண்டு குறைகளையே பிடித்துக்கொண்டு ஆறாயிரம் குறைத்தோம். அவர் வாதாடவில்லை, 72,000-க்கு இசைந்தார். திரும்பும் வழியில் வெற்றி பெற்றவர்போல் பேசிக்கொண்டு வந்தோம். குறையை மறைத்தவரிடம் யாதொன்றும் கேளாது அகன்ற நாங்கள், மறைக்காதவரிடம் மட்டும் அதன் விலையைக் கழித்துக்கொண்டோம். இது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

பதிவுப் புத்தகம் தந்தையின் பெயரில் இருந்ததால் முதலில் 31-ஆம் படிவம் கொடுத்து மகன் பெயருக்கு மாற்றி, அதன்பின் 29, 30-ஆம் படிவங்கள்வழி எங்கள் பெயருக்கு மாற்றவேண்டியதாயிற்று. இரண்டு மாதம் பொறுத்தோம். சட்டத்தில் பொறித்த எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றே எனச் சரிபார்த்தோம். பதிவின் காலம் 15 ஆண்டு. அதில் ஓராண்டே எஞ்சியிருந்தது. அதன்பின் வண்டியைத் தகுதியாய்க் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கவேண்டும். விலை குறைந்த வண்டியில் இத்தகைய செலவுகள் மறைந்து கிடக்கும் என்பதை வாங்குவோர் நினைவிற்கொள்ளவேண்டும்.

சாவியைத் தரும்போது ஆசிரியர் நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் தந்தார். எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய தூரம், மாற்றிய உறுப்பு, கொடுத்த கூலி எல்லாம் அவர் தந்தையார் கையெழுத்தில் இருந்தன. அட்டையின் உட்புறத்தில், மாதம் ஒருமுறையேனும் மண்பாதையில் முன் அச்சையும் சேர்த்து ஓட்டவேண்டும் என்று எழுதியிருந்தது. ஓடாமல் கிடந்தால் மேற்புறப் பற்சக்கரங்களில் எண்ணெய் படாது என மெக்கானிக் விளக்கினார்.

பெயர் மாற்றம், வரி, காப்பீடு ஆகியவற்றுக்கு 5,000 போக, கையில் நின்றது 23,000. இங்கேதான் வீட்டில் வழக்கு மூண்டது. வண்ணம் அடித்து, புதுக்கூரையும் மெத்தையும் போடவேண்டுமென்றான் தம்பி. உறவினர் பார்வைக்கு அஞ்சிய அண்ணனும் அவன் பக்கம் சாய்ந்தார். முன் அச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூவருமே எண்ணத் தொடங்கினோம். தரகர் சொன்ன அதே சொல்லை நாங்கள் எங்களுக்கே சொல்லிக்கொண்டோம். மெக்கானிக் கோபப்படவில்லை. "உங்கள் அப்பா தோட்டத்துக்கு மழையில் போவாரா, வெயிலில் போவாரா?" என்று மட்டும் கேட்டார்.

பிரேக்குக்கு 4,500, கிளட்சுக்கு 3,500, வில்பட்டைக்கு 2,000, முன் அச்சுக்கு 6,000, பின்சக்கர டயர் இரண்டுக்கு 5,000. ஆக 21,000. எஞ்சிய 2,000-இல் தார்ப்பாயைத் தைத்துக்கொண்டோம். இரண்டாம் கியரை மறு ஆண்டுக் காப்பிப் பணத்தில் செம்மை செய்தோம். வெளுத்த பச்சை வண்ணம் அப்படியே நின்றது. வண்டியைப் பார்த்து நகைத்தவர் உண்டு. அவர்களும் மழைநாளில் அதில் ஏறத் தயங்கவில்லை.

ஓட்டக் கற்றதும் தனிப்பாடம். உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போடலாகாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் கடக்கும் தொலைவு வேறுவேறாதலால் அச்சும் தண்டும் முறுக்கேறும். சேறும் சரளையும் உள்ள இடத்தில் சக்கரம் சற்றே வழுக்கிக் கொடுப்பதால் அம்முறுக்கு தளரும். செங்குத்தான இறக்கத்தில் குறைவேக நெம்புகோலைப் போட்டு, முதற்கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்திறக்க விடவேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சுமையும் அளவோடு ஏற்றவேண்டும். மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சை முன்னிறுத்தி வலியறிதலை வள்ளுவர் விளக்கியதை வகுப்பறையில் படித்த நாங்கள், மிளகு மூட்டை ஏற்றும்போது மீண்டும் படித்தோம்.

2005 அக்டோபரில் ஓரிரவு. தோட்டத்தில் தங்கியிருந்த தந்தையாருக்கு நெஞ்சுவலி கண்டது. வெளியே அடைமழை, பாதையில் ஓடை போல் நீர் பாய்ந்தது. டோலி தூக்க ஆளில்லை; இருந்தாலும் நடக்க வழியில்லை. அண்ணன் வண்டியைக் கிளப்பினார்; தம்பி டார்ச் விளக்குடன் முன்னே நடந்து பாறைகளைக் காட்டினான். முன் அச்சைச் சேர்த்து, குறைவேகத்தில், ஓர் ஆள் நடக்கும் வேகத்திலேயே இறங்கினோம். ஒருமுறை பின்சக்கரங்கள் இரண்டும் சேற்றில் வழுக்கி வண்டி ஓரத்துக்குச் சரிந்தது. முன்சக்கரங்கள் கல்லைப் பற்றி இழுத்தன. அம்மா தந்தையாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடியிருந்தார். நான்கு கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. தார்ச்சாலை தொட்டதும் நெம்புகோலை விடுவித்துப் போடி மருத்துவமனைக்கு விரைந்தோம். உரிய நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் மருத்துவர். தந்தையார் அதன்பின் ஒன்பதாண்டுகள் எங்களுடன் வாழ்ந்தார்.

அன்று இரவு மருத்துவமனை வாசற்படியில் மூவரும் அமர்ந்திருந்தபோது, அந்த 6,000 ரூபாய் நினைவுக்கு வந்தது. முன் அச்சுக்குச் செலவிட்டதும் 6,000; ஆசிரியரிடம் குறைத்ததும் 6,000. முன் அச்சில் ஓசை கேட்கிறது என்று அவர் சொல்லாதிருந்தால் அதைக் கழற்றிப் பார்த்திருப்போமா? அவருடைய உண்மைதான் எம் தந்தையாரைக் கீழே இறக்கியது என்று உணர்ந்தோம், நாணினோம்.

அவ்வாண்டுக் காப்பி விற்றதும் அத்தொகையை எடுத்துக்கொண்டு ஜீப்பிலேயே அவர் வீட்டுக்குச் சென்றோம். நடந்ததைச் சொல்லிப் பணத்தை நீட்டினோம். அவர் வாங்கவில்லை. "குறை இருந்தது, விலை குறைந்தது. அதில் தவறென்ன?" என்றார். பின், "அப்பாவின் நோட்டை வைத்திருக்கிறீர்களா?" என்று வினவினார். நோட்டைக் கொடுத்தோம். தம் தந்தையின் கையெழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தம்பியின் கையெழுத்து தொடங்குவதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரைச் சுற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். சாவியைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். அவர் திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. எவரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த ஜீப் இன்றும் எங்களிடம் உள்ளது. வண்ணம் இன்னும் அடிக்கவில்லை. மாதம் ஒருமுறை தோட்டத்துப் பாதையில் முன் அச்சைச் சேர்த்து ஓட்டுகிறோம். நோட்டு தீர்ந்து, இரண்டாவதும் மூன்றாவதும் தீர்ந்து, இப்போது நான்காவது நடக்கிறது.