அம்மாபேட்டையிலிருந்து அம்மாபேட்டைக்கு

சேலத்தில் யாரிடமாவது "அம்மாபேட்டைக்குப் போகிறேன்" என்று சொன்னால், "அதற்கென்ன, டவுன் பஸ்ஸில் ஏறு!" என்பார்கள். நாங்கள் குடியிருப்பதே அந்த அம்மாபேட்டைதான். தறிச் சத்தம் நின்றுபோனால்தான் குழந்தைகள் திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும் பேட்டை அது. ஆனால் காவிரியின் மேற்குக் கரையில், ஈரோடு மாவட்டத்தில், இன்னோர் அம்மாபேட்டை இருக்கிறது. மேட்டூரிலிருந்து பவானிக்குப் போகும் சாலையில் ஏறக்குறையப் பாதி வழி.

"இந்த அம்மாபேட்டையிலிருந்து அந்த அம்மாபேட்டைக்குச் சைக்கிளில் போனால் என்ன அப்பா?" என்று ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது என் மகன் கேட்டான். பன்னிரண்டு வயதுப் பையன்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லக்கூடாது என்பது என் கொள்கை. அன்று ரசம் நன்றாக இருந்ததாலோ என்னவோ, கொள்கையை மறந்துவிட்டேன். "முழுத் தூரமும் நடக்காத காரியம். ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் வேண்டுமானால் போகலாம்" என்றேன்.

"நானும் வர்றேன். சைக்கிள்லதான் வருவேன்" என்றாள் என் மனைவி.

எனக்குப் புரை ஏறிற்று.

அவளுக்குப் பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் கையோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு மிகுந்த ஊக்கம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர்ப் பொட்டல்களில் விழுந்தும் எழுந்தும் பழகினார்கள். என் மாமியாரும் அவர்களில் ஒருவர். அப்போது என் மனைவிக்குப் பதினோரு வயது. தாயார் பழகும்போது பின்னாலிருந்து காரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் அவள்தான். பிறகு தானும் பழகினாள். கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்ததிலிருந்து சைக்கிளைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று நானும் கேட்டதில்லை.

வீட்டில் மூன்று சைக்கிள்கள் இருந்தன. பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு அரசாங்கம் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள். மகனுக்குக் கியர் வைத்தது. எனக்கு என் தகப்பனார் பாவு மூட்டை கட்டிக்கொண்டு போன பழைய ஹெர்குலிஸ். வாடகை சைக்கிள் கடை முன்பெல்லாம் தெருவுக்கொன்று இருந்தது. இப்போது விளக்குப் போட்டுத் தேடினாலும் கிடைப்பதில்லை. அதனால் மனைவிக்குப் பக்கத்து வீட்டில் லேடீஸ் சைக்கிள் ஒன்று இரவல் வாங்கினோம். பத்து நாள் விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி நடந்தது. இந்தத் தடவை காரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியது எங்கள் மகள்.

முதல் முயற்சியை நான்தான் கெடுத்தேன். 2024 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. நல்ல நாள் என்று ஒரு 'குட்டியானை' வண்டி பேசி, நான்கு சைக்கிள்களையும் கயிறு போட்டுக் கட்டி, எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டி போய்ச் சேர்ந்தோம். அங்கே விசைப்படகில் காவிரியைத் தாண்டினால் எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டை. அங்கிருந்து தெற்கே மிதித்தால் அம்மாபேட்டை. திட்டம் பிரமாதம்! படகுதான் இல்லை. மேட்டூர் அணை ஜூலை 30-ஆம் தேதியே 120 அடி நிரம்பி, ஒரு லட்சம் கன அடிக்கு மேல் உபரி நீர் வந்துகொண்டிருந்தது. காவிரி செம்மண் குழம்பாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. அணை திறந்திருக்கும் செய்தியைப் பேப்பரில் படித்தவன்தான் நான். அந்தத் தண்ணீர் நான் போகிற வழியில்தான் வரும் என்று தோன்றவில்லை! மனைவி கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். மஞ்சளும் பூவும் போட்டுக் கும்பிட்டுவிட்டு, "இன்னொரு நாள் வருவோம்" என்றாள். திரும்பினோம்.

ஆகவே இந்தப் பக்கம் வர நினைக்கும் நேயர்களுக்கு முதல் யோசனை: காலண்டரைப் பார்ப்பதற்கு முன்னால் மேட்டூரில் எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வெள்ளம் வந்தால் படகு நிற்கும். கதவணையைப் பழுது பார்க்கத் தண்ணீரை வெளியேற்றினாலும் படகு நிற்கும்.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். இது வேறு காவிரி. கண்ணாடி போலப் பரந்து நின்றது. நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை தேக்கிவைக்கும் தண்ணீர் அது. மேட்டூருக்கும் பவானிக்கும் இடையில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு இடங்களில் இப்படி மறித்து, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுக்க வசதி செய்திருக்கிறார்கள். 1980-களின் கடைசியில் வந்த ஏற்பாடு. மலையிலிருந்து இறங்கி வந்த காவிரிக்குப் படிக்கட்டு கட்டிய மாதிரி!

பூலாம்பட்டியில் இரண்டு பக்கமும் தென்னையும் வயலும் சூழ்ந்திருக்கும். 'குட்டிக் கேரளா' என்று அதற்கு ஒரு பட்டப்பெயர். சினிமாக்காரர்கள் பலர் வந்து படம் எடுத்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லி ஊர்க்காரர்கள் பெருமைப்படுவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். காவிரிக்குக் காவிரி என்று பெயர் இருப்பது போதாதா?

படகில் மனிதர்கள், பால் கேன்கள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒன்றாகப் பிரயாணம் செய்கின்றன. எங்கள் சைக்கிள்களையும் ஏற்றினார்கள். மனைவி ஹாண்டில் பாரை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்துப் படகோட்டி, "பயப்படாதீங்க அம்மிணி, தண்ணி கம்மியாத்தானுங்க வருது" என்றார். அவள் பயந்தது தண்ணீருக்கல்ல என்பது எனக்குத் தெரியும். அக்கரையில் ஒரு தேசிய நெடுஞ்சாலை காத்திருந்தது.

அந்தச் சாலையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சாலை அகலமானது. வலது பக்கம் பாலமலைத் தொடர் நீலமாகக் கூடவே வருகிறது. இடது பக்கம் மரங்களுக்கிடையே காவிரி மினுக்குகிறது. மூச்சு வாங்கும்படியான ஏற்றம் எதுவும் இல்லை. மலையிலிருந்து வரும் ஓடைகளைத் தாண்டும் இடத்தில் கொஞ்சம் இறங்கிக் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ஆனால் லாரிகள் போகும் சாலை. விடிந்தவுடன் கிளம்பினால் தொந்தரவு குறைவு. நாங்களோ படகில் சைக்கிள் ஏற்றி இறக்கி, இட்லி சாப்பிட்டு, சாவகாசமாக எட்டரை மணிக்குக் கிளம்பினோம்!

மகள் முன்னால், அடுத்து மகன், அப்புறம் மனைவி, கடைசியில் நான். அணிவகுப்பு அழகாகத்தான் போயிற்று. பாதித் தூரம் போயிருப்போம். பின்னால் வந்த லாரி ஒன்று காது கிழியும்படி ஹாரன் அடித்தது. மனைவியின் சைக்கிள் பாம்பு போல நெளிந்தது. "விடாதே! மிதி! மிதி!" என்று நான் கத்தினேன். அவள் தார் விளிம்பிலிருந்து சறுக்கி மண்ணில் போய் விழுந்தாள். லாரி போய்க்கொண்டே இருந்தது.

முழங்கையில் சிராய்ப்பு, இரண்டு கண்ணாடி வளையல்கள் உடைந்துபோயின. வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு கணத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அடுத்த கணமே வீட்டுத் தலைவன் பேச ஆரம்பித்தான். "போதும். நீ பஸ்ஸில் ஏறு. சைக்கிளை நான் தள்ளிக்கொண்டு வருகிறேன்" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் ஓர் அம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து காயத்தைக் கழுவிவிட்டார். "ஏனுங்க, இந்த ரோட்டுல எதுக்கு வந்தீங்க? ஒரு பர்லாங்கு மேக்கால போனா வாய்க்கா இருக்குது. கரை மேல வண்டித் தடம் போகுது. சைக்கிளுக்குச் சொகமா இருக்குமே?" என்றார்.

என் ஹெர்குலிஸின் ஹாண்டில் பாரில் கைப்பேசியை மாட்டி, வரைபடம் பார்த்துக்கொண்டு வந்தவன் நான். அதில் மெல்லிய நீலக்கோடு ஒன்று கூடவே வந்ததைக் கவனித்தேன். அது இன்னதென்று யோசிக்கவில்லை.

அதுதான் மேட்டூர் மேற்குக்கரைக் கால்வாய். மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. முழுக்க நிரம்பினால் 93.47 டி.எம்.சி. கொள்ளும். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் தஞ்சைப் பக்கத்து வயல்களுக்குத்தான். பக்கத்திலேயே ஆறு ஓடியும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த மேட்டு நிலங்களுக்காகக் கிழக்குக் கரையில் ஒன்றும் மேற்குக் கரையில் ஒன்றுமாகக் கால்வாய்கள் பின்னால் வெட்டப்பட்டன. கிழக்கே 27,000 ஏக்கர், மேற்கே 18,000 ஏக்கர் பாசனம். வழக்கமாக ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல் டிசம்பர் 15 வரை, 137 நாட்கள் தண்ணீர் விடுவார்கள்.

வாய்க்காலை ஒட்டி மிதிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தண்ணீருக்கு ஏற்றம் ஏறத் தெரியாது. ஆகவே வாய்க்கால் வெட்டியவர்கள் மேட்டைக் கண்டால் சுற்றி, பள்ளத்தைக் கண்டால் ஒதுங்கி, கண்ணுக்கே தெரியாத ஒரு சரிவைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நாமும் அந்தக் கரையில் போனால் முழங்காலுக்கு வேலையே இல்லை. தெற்கே போகும்போது வாய்க்கால் தண்ணீரும் சைக்கிளும் ஒரே வேகத்தில் பேசிக்கொண்டு போகலாம்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாய்க்காலுக்கு எந்தப் பக்கம்?" என்று டீக்கடை அம்மாளைக் கேட்டாள், என்னை அல்ல.

மண் தடம், அங்கங்கே குண்டும் குழியும் உண்டு. மழைக்குப் பின் சில இடங்களில் இறங்கித் தள்ளவும் நேர்ந்தது. காவல் கம்பி கிடையாது, ஆதலால் சின்னக் குழந்தைகளைத் தண்ணீரை ஒட்டி விடக்கூடாது. ஆனால் ஹாரன் இல்லை! வாய்க்கால் நிறையத் தண்ணீர். கீழே நெல்லும் வாழையும் மஞ்சளும். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் மனைவியைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார்கள். அவள் நிற்காமலே பதில் சொல்லிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அணிவகுப்பு மாறிவிட்டதைக் கவனித்தேன். முன்னால் மனைவி, கடைசியில் வழக்கம்போல் நான். "அம்மா, மெதுவா!" என்று மகன் கத்தினான்.

இந்த அம்மாபேட்டையில் காவிரிக் கரையிலேயே மீனாட்சி சொக்கநாதர் கோயில் இருக்கிறது. மதுரைக்குப் போகாமலே மதுரை தரிசனம்! கோயிலுக்குக் கீழே படித்துறை. மகன் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஆற்றில் குதிக்கப் போனான். படியில் ஜபம் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணைத் திறந்து, "கண்ணு, படியிலயே உக்காந்து குளி. மேல கதவணையைத் திறந்தா, தண்ணி சொல்லிட்டா வரும்?" என்றார். மேலே இருக்கும் ஆறு இன்று நின்றாலும் நாளை ஓடும். காலையில் முழங்கால் அளவு இருந்த இடம் மத்தியானம் அப்படியே இருக்காது. பாறையைத் தேடிப் போய் உயிரை விட்டவர்கள் இந்த ஆற்றில் வருஷந்தோறும் உண்டு. நாங்கள் நால்வரும் படியிலேயே உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டோம். புளிசாதப் பொட்டலம் காலியான வேகத்தைப் பற்றி எழுதினால் நம்பமாட்டீர்கள்.

திரும்பும்போதும் வாய்க்கால் கரைதான். இப்போது தண்ணீர் எதிரே வந்தது. ஆனாலும் ஏற்றம் என்று கால்களுக்குத் தெரியவில்லை. போக வர நிறுத்தி நிதானித்து, சாப்பாடு குளியல் எல்லாம் சேர்த்து, ஆறு மணி நேரத்துக்குள் முடிந்த பிரயாணம். டீக்கடை அம்மாளிடம் நின்று ஆளுக்கொரு டீ குடித்தோம். காசு வாங்க மாட்டேன் என்றார், மனைவி விடவில்லை.

பூலாம்பட்டியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை பாதி ஆற்றிலேயே வந்து எங்களை வரவேற்றது. படகில் மனைவி இந்தத் தடவை ஹாண்டில் பாரைப் பிடித்துக்கொள்ளவில்லை. காயத்தின் மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு, படகோட்டியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"அண்ணே, இந்த வாய்க்கா பவானி வரைக்கும் போகுதா?"

"அந்தப் பக்கம் பூராவும் போகுதுங்க அம்மிணி. அம்மாபேட்டையிலிருந்து பவானி இன்னும் இருவது கிலோமீட்டருக்கு மேல இருக்குமுங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மகளும் மகனும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து, ஹெர்குலிஸில் காற்று இருக்கிறதா என்று டயரை அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தேன்.