பழைய சாலையில் தோட்டத்துச் சாப்பாடு

சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் வழியாகக் குருண் போகும் பழைய சாலை. இடப்பக்கம் ஜெராய் மலை. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, தூரப் பயணிகள் பலர் இந்தப் பக்கம் வருவதில்லை.

பெட்ரோல் போட நிறுத்தினேன். பக்கத்து ஒட்டுக்கடையில் மிளகு ரச வாசம். சுடச்சுடச் சோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை.

“ரசம் ஊத்தவா தம்பி?”

“கொஞ்சம் ஊத்துங்கக்கா.”

கரண்டி நின்றது. “காலையில வானொலியில பேசுற தம்பிதானே?”

அக்கா முன்பு பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால், லயத்தில் விடிகாலை நான்கு மணிக்கே அடுப்பு எரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டமே வீடமைப்புப் பகுதியானது. நான்கு மணி அடுப்பு மட்டும் அணையவில்லை.

“கோலாலம்பூருக்குப் போன நம்ம பிள்ளைங்க வந்தா இங்கதான் நிறுத்துவாங்க. லயம் இல்ல, அவங்க வந்து இறங்க வேற எடம் ஏது தம்பி?”

எனக்குச் சோறு தொண்டையில் நின்றது.

அடுத்த முறை வடக்கே போகும்போது, சுங்கைப்பட்டாணியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்குங்கள். குருணில் மறுபடி ஏறிக்கொள்ளலாம். மதியம் ஒரு மணிக்குள் போய்விடுங்கள். கருவாட்டுக் குழம்பு தீர்ந்துவிடும்.