குன்றத்தூரில் சேக்கிழாரைத் தேடி

திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி கடைசியாக வாழ்ந்த வீட்டை 1993-இல் தமிழக அரசு வாங்கி நினைவில்லமாக்கியது. உள்ளே படங்கள் நிறைய உண்டு. ஆனால் வாசலில் நிற்கும்போதுதான் பார்த்தசாரதி கோயில் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது உறைக்கிறது. கோயில் யானை அவரைத் தள்ளிய இடமும் 1921 செப்டம்பரில் அவர் உயிர் பிரிந்த இடமும் சில தெருக்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இதைப் புத்தகம் இவ்வளவு துல்லியமாக உணர்த்தாது.

வீடே மிஞ்சாத கவிஞருக்கு என்ன செய்வது?

பூந்தமல்லிக்குத் தெற்கே குன்றத்தூர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனுக்கு அமைச்சராக இருந்து, உத்தமசோழப் பல்லவன் என்ற பட்டமும் பெற்றவர். அவர் குடியிருந்த வீடு இன்றில்லை. எழுப்பிய கோயில் இருக்கிறது. சோழநாட்டில் இருந்த காலத்தில் கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சரத்தில் மனம் தோய்ந்தவர், சொந்த ஊரிலும் அதே பெயரில் ஒரு கோயில் கட்டினார் என்பது வழிவழிச் செய்தி. அங்கே சேக்கிழாருக்கும் சன்னதி உண்டு. வைகாசிப் பூசம் அவருடைய குருபூசை நாள்.

கோயில் கட்டிய அனுபவம் அவர் பாட்டிலும் தெரிகிறது. ஆவடியைத் தாண்டியுள்ள திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார், கையில் பொருளில்லாமல் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் எழுப்பியவர். காஞ்சியில் கற்றளி கட்டிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில் அவரும் நாள் குறித்துவிட, இறைவன் மன்னனின் கனவில் தோன்றி அவன் விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னான். இந்தக் கதையை நெகிழ்ச்சியாக மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சேக்கிழார் அப்படி விடவில்லை. பூசலார் மனத்தாலேயே பொருள் தேடுகிறார், தச்சரைச் சேர்க்கிறார், நல்ல நாள் பார்த்து வேலை தொடங்குகிறார், இரவும் உறங்காமல் கட்டுகிறார். விமானம் எழுகிறது; ஸ்தூபி நடுகிறார், சுதை பூசுகிறார். பிறகு கிணறு, சுற்றுமதில், குளம். கட்டட வேலையை அருகிருந்து பார்த்தவரின் கை இது. கல்லில் நிற்கும் குன்றத்தூர்க் கோயிலைப் பார்த்துவிட்டு இந்தப் பகுதியைப் படித்தால், அமைச்சராகவும் திருப்பணி செய்தவராகவும் வாழ்ந்த மனிதர் கண்ணுக்குத் தெரிகிறார்.

திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் கோயில் நிற்கிறது. குன்றத்தூரில் சேக்கிழாருக்கு மணிமண்டபமும் எழுந்துள்ளது. நாயன்மார் அறுபத்துமூவரையும் பெரும்பாலும் அவரவர் ஊரோடு சேர்த்தே அறிமுகப்படுத்திய கவிஞருக்கு, அங்கே வைக்க அந்த ஊர்களின் பெரிய வரைபடத்தைவிடப் பொருத்தமான காட்சிப்பொருள் கிடைக்காது. அதில் திருநின்றவூரிலிருந்து தொடங்கலாம். பூந்தமல்லி வழியாகப் போனால் ஒரே காலைப்பொழுதில் இரண்டு ஊரையும் பார்த்துவிடலாம்.