எக்கோ பொட்டி

"உங்க தெருவுக்கு எதுக்குடா எக்கோ? மைக்கு குடுக்கறதே பெருசு."

மைக்செட் வாடகைக்கு விடுகிறவர் மாமாவிடம் சொன்னது இது. 2003, ஏப்ரல் 14க்கு நாலு நாள் முந்தி. எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் குமாரபாளையத்துக்கும் நடுவில். ஊர் மாரியம்மன் நோம்பிக்கு எக்கோ வைத்துக் கட்டியவர், அம்பேத்கர் பிறந்தநாளுக்குக் குடுத்தது வெறும் ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு குழாயும்தான்.

மாமாவுக்குப் பகலில் விசைத்தறி, ராத்திரியில் ரேடியோ ரிப்பேர். வாங்கின முன்பணம் தீராமல் தறியை விட்டு வெளியே வர முடியாது. இதற்கு எங்கள் பக்கம் 'பாக்கி' என்று பேர். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். வேறு பேர் வைத்துக்கொண்டதால் பாக்கி தப்பித்துக்கொண்டது.

எக்கோ மிஷின் விலை மாமாவின் ரெண்டு மாசக் கூலி. "நாமளே செஞ்சுக்கலாம் மாப்ள" என்றார். பட்டறை மூலையில் கழித்துப் போட்டிருந்த மெல்லிய தறி ஸ்பிரிங் ரெண்டு வந்தது. ஒன்று கொஞ்சம் தடிமன், ஒன்று சன்னம். மூணு இஞ்சு ஸ்பீக்கரின் காகிதத்தை நடுவில் மட்டும் விட்டு வெட்டி எறிந்து, அந்த நடுவில் கம்பிக் கொக்கியை ஒட்டினார். ஸ்பிரிங்குகளின் ஒரு முனை அதில். மறுமுனை, பழைய ரிக்கார்டு பிளேயரில் ஊசி பிடிக்கும் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜில். மைக்கில் பேசினால் ஸ்பீக்கர் ஸ்பிரிங்கை ஆட்டும். அதிர்வு அந்த முனைக்குப் போய்ச் சேர நொடியில் முப்பதில் ஒரு பங்கு போல ஆகும். அங்கே முட்டித் திரும்பி, மறுபடி முட்டி, அடங்க ரெண்டு நொடி. அதை நேர்க்குரலோடு கலந்தால் குரலுக்கு ஒரு வால் முளைக்கும். ஒரே ஸ்பிரிங் போட்டபோது தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. வேறு வேறு தடிமனில் ரெண்டு போட்டதும் சரியாகிவிட்டது. பொட்டியைத் தொட்டாலே குழாயில் இடி இடித்தது. உள்பலகையைச் சைக்கிள் டியூப் ரப்பரில் தொங்கவிட்டு, அடியில் முட்டை அட்டை வைத்தோம். நாமக்கல்காரனுக்கு முட்டை அட்டைக்கா பஞ்சம்!

இந்த வித்தை மாமா கண்டுபிடித்ததில்லை. தொலைபேசிக் கம்பியில் பேச்சு தாமதமாவதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம் ஸ்பிரிங்கைப் பயன்படுத்தியது. லாரன்ஸ் ஹாமண்ட் 1930களின் கடைசியில் அதைத் தன் ஆர்கனுக்கு எடுத்துக்கொண்டார். அவருடைய ஆர்கனை வீட்டுக்கு வாங்கிப்போனவர்களுக்குப் பெரிய மாதாகோயிலின் முழக்கம் கிடைக்கவில்லையாம். கல்கட்டடத்தை ஒரு பொட்டிக்குள் அடைத்துக் குடுத்தார்.

இதைப் பின்னால் படித்தபோது அம்மாயி ஞாபகம்தான் வந்தது. எம்.ஏ.வில் நான் 'கார்வை' என்று படித்ததை அவள் 'கும்முனு நிக்கிறது' என்பாள். ஊர்க் கோயில் மண்டபத்துக்குள் மணி அடித்தால் கும்முனு நிக்கும். நாங்கள் அதை ரோட்டில் நின்று கேட்டவர்கள். எங்கள் குரல் அந்தக் கல்லில் பட்டதேயில்லை. ஓலைக் கூரைக்குள் என்ன கத்தினாலும் ஓலையே குடித்துவிடும்.

2004, ஏப்ரல் 14. அம்மாயியை மைக் முன்னால் நிறுத்தினோம். ஊரில் எந்தச் சாவுக்கும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். பொறந்தநாளுக்கு ஒப்பாரியா என்று தாலாட்டு எடுத்தாள். முதல் அடியிலேயே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"பின்னால யாரு கண்ணு பாடறது?"

"நீதான் அம்மாயி."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு ஒவ்வொரு அடியும் பாடி, வால் அடங்கும்வரை காத்திருந்து அடுத்த அடி எடுத்தாள். அவள் அவ்வளவு நிதானமாகப் பாடி நான் கேட்டதில்லை.

தப்பட்டைதான் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஸ்பிரிங் 'டொய்ங்' என்று கூத்தடித்தது. "பொட்டிய அக்கட்டால வைங்கடா, எங்களுக்கு இது வேண்டாம்" என்றார் மூத்த ஆட்டக்காரர். அவர் சொன்னது நியாயம். தப்பட்டைக்கு எதிரே மலையே பதில் சொல்லும்.

மறுநாள் பட்டறையில் ஓனருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. துரு ஏறிய ஸ்பிரிங்தான், பழைய இரும்புக்குப் போட வைத்திருந்ததுதான். பாக்கி நோட்டை எடுத்தார். அதில் மாமாவின் பக்கத்தில் கல்யாணம், பிரசவம், தாத்தா சாவு என்று ஒவ்வொரு தொகைக்கும் ஒரு காரணம் எழுதியிருக்கும். அதற்குக் கீழே எழுதினார்: ஸ்பிரிங் 2, ரூ. 60.